தயிர் சாதம் தின்ற ஆமை

எங்கள் கிணற்றில் இரண்டு ஆமைகள் இருந்தன. மயிலாப்பூரில் பல வீடுகளில் உள்ள வழக்கம்தான். ஆமை கிடந்தால் தண்ணீரில் பூச்சி புழு சேராது என்பார்கள். வாளியை இறக்கும்போது எப்போதாவது ஒரு தலை தெரியும், மறையும். அதற்கு மேல் அவற்றைப் பற்றி யாரும் யோசித்ததில்லை.

யுத்தத்தில் ஜப்பான்காரன் குண்டு போடுவானென்று பயந்து காலியான ஊர் மறுபடி நிரம்பியிருந்த சமயம். தெருவில் இரண்டு வீடுகளில் காலரா கண்டது. கார்ப்பரேஷன் ஆட்கள் கிணறு கிணறாக மருந்து போட்டுக்கொண்டு வந்தார்கள். மருந்து போடுவதற்கு முன் ஆமைகளை எடுத்துவிடச் சொன்னார்கள். எடுத்துக் கொல்லையில் இருந்த கல்தொட்டியில் விட்டோம். நாலு நாள் கழித்துத் திரும்பக் கிணற்றில் விடுவதாக எண்ணம். அந்த நாலு நாளுக்குள் என் பெண் ஜுரத்தில் படுத்துவிட்டாள்.

டைபாய்டு. அவளுக்கு அப்போது ஒன்பது வயது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் அண்ணனை நாங்கள் அதே ஜுரத்துக்குக் கொடுத்திருந்தோம். ஆகையால் அவள் படுத்திருந்த நாட்களைப் பற்றி என்னால் எழுத முடியாது. ஜுரம் விட்டது, பசி திரும்பவில்லை. தூக்கி உட்காரவைத்தால் கை சுள்ளி மாதிரி கனமே இல்லாமல் இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர் கிளம்பும்போது என்னை வாசலுக்கு அழைத்து, "இனிமேல் வைத்தியம் உங்க சமையலறையிலதான் இருக்கு. உடம்புல சதை பிடிக்கலைன்னா ஜுரம் திரும்பும். திரும்பினா தாங்க மாட்டா" என்றார். சுறா மீன் எண்ணெய் ஒரு புட்டி எழுதிக் கொடுத்தார்.

அவள் வாயைத் திறக்க என் மனைவி கண்டுபிடித்த வழிதான் ஆமைகள். குழந்தையைத் தொட்டியருகே மணையில் உட்காரவைத்து, தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டு, "அதுக்கு ஒரு வாய், உனக்கு ஒரு வாய்" என்று ஆரம்பித்தாள். பெரிய ஆமை கழுத்தை நீட்டி உருண்டையைக் கவ்வியது. குழந்தை சிரித்தாள். அது தின்றதைப் பார்த்துத் தானும் ஒரு வாய் வாங்கிக்கொண்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு. அதற்கப்புறம் ஆமைகளைக் கிணற்றில் விடும் பேச்சை யார் எடுப்பார்கள்?

பக்கத்து வீட்டு மாமி மதில்மேல் எட்டிப் பார்த்து, "மனுஷாளுக்கே ரேஷன் அரிசி. உங்காத்துல ஆமைக்குத் தயிர் சாதமா? அடுத்தது பூணூல் போட்டுடுங்கோ" என்றாள். என் மனைவி அடுத்த உருண்டையை உருட்டினாள். அவளுக்குக் குழந்தையின் வாய்தான் கணக்கு. மூன்று மாதம் இப்படி நடந்தது. குழந்தையின் கன்னத்தில் கொஞ்சம் சதை தெரிய ஆரம்பித்தது.

முதலில் சின்ன ஆமைக்குக் கண் வீங்கியது. இமை தடித்து மூடிக்கொண்டது. ஒரு வாரத்தில் செத்துப்போயிற்று. குழந்தையிடம், அதைக் கிணற்றில் விட்டுவிட்டோம் என்று சொன்னோம். பிறகு பெரியதற்கும் அதே போலக் கண் வீங்கியது. உருண்டையை மூக்கருகே கொண்டுபோனாலும் அதற்குத் தெரியவில்லை. தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. "அது சாப்பிடட்டும், அப்புறம் நான் சாப்பிடறேன்" என்று குழந்தை தட்டைத் தள்ளினாள். இரண்டாம் நாளும் தள்ளினாள். மூன்றாம் நாள் கஞ்சியைக் கட்டாயப்படுத்திக் கொடுத்ததில் வாந்தி எடுத்தாள். அவளைத் தொட்டுப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

மந்தைவெளியில் மாடுகளுக்கு வைத்தியம் பார்க்கிறவர் ஒருவர் இருந்தார். ஆமையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னா சாமி, கொம்பு கீதா, குளம்பு கீதா? நான் எங்கே சூடு வெக்கிறது?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, சைதாப்பேட்டையில் குதிரைப் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற மிருக டாக்டர் ஒருவர் இருப்பதாகச் சொன்னார்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதிக் கொடுத்தேன். நான் அங்கே பூகோள வாத்தியார். ஆமையைப் பிரம்புக் கூடையில் ஈரத்துண்டால் மூடி எடுத்துக்கொண்டு, பெட்ரோல் பஞ்சத்தில் கரியில் ஓடிய பஸ் ஒன்றில் ஏறினேன். கண்டக்டர் துண்டைத் தூக்கிப் பார்த்தான்.

"இன்னா ஐயிரே, ஆமைக்கறி பழகிட்டியா?"

"வைத்தியத்துக்குக் கொண்டுபோறேன்."

"அதுக்கு வவுத்து வலியா, உனுக்கா?" என்றான். பஸ் முழுவதும் சிரித்தது. நான் கூடையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தேன்.

டாக்டர் ஒல்லியான முஸ்லிம் பெரியவர். அவர் வீட்டு முற்றத்தில் ஒரு ஜட்கா குதிரை காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. அவர் அதை விட்டு வந்து கையைக் கழுவிக்கொண்டு, ஆமையை எடுத்து ஓட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். ஈர அப்பளம் போல் அமுங்கியது. நான் அதுவரை அழுத்திப் பார்த்ததே இல்லை.

"என்ன சார் குடுக்கறீங்க இதுக்கு?"

"தயிர் சாதம். காலையிலே கொஞ்சம் பால்."

"வேறே?"

"வேறே ஒண்ணும் இல்லை. சுத்தமாத்தான் கொடுக்கறோம்."

அவர் சிரிக்கவில்லை. "சார், கிணத்துல இருந்தப்போ இது என்ன தின்னுச்சுன்னு நினைச்சீங்க?"

"பாசி."

"பாசியும் தின்னும். புழு, பூச்சி, தவளைக் குஞ்சு, சின்ன மீனு, எல்லாம் தின்னும். உங்க வீட்டுக் கிணத்துக்குள்ளே இத்தனை நாள் அதைத்தான் தின்னுக்கிட்டு இருந்திச்சு. மூணு மாசமா நீங்க இதைப் பட்டினி போட்டிருக்கீங்க. வவுறு ரொம்பின பட்டினி."

போரிக் பவுடர் கரைத்த வெந்நீரால் கண்ணைத் துடைக்க வேண்டும். காலை வெயிலில் வைக்க வேண்டும். மீன் எண்ணெய் தினம் இரண்டு சொட்டு. அதோடு சின்ன மீனோ இறாலோ, முள்ளோடு ஓட்டோடு நசுக்கி, தினமும் கொடுத்தாக வேண்டும். "எண்ணெய் மட்டும் பத்தாது, சார். ரெண்டும் வேணும். இப்பவே ஆரம்பிச்சா பிழைக்கும். தள்ளிப்போட்டா வாயைத் திறக்கற பலம் போயிடும்." கூடையை என்னிடம் கொடுக்கும்போது மெதுவாக, "உங்க வீட்டுல மீனு குடுக்கறது கஷ்டம், எனக்குத் தெரியும். இங்கே விட்டுட்டுப் போங்களேன். நான் பாத்துக்கறேன்" என்றார்.

விட்டுவிட்டு வந்திருக்கலாம். குழந்தையின் முன்னால் வெறுங்கூடையோடு போய் நிற்க முடியாது என்று சொல்லிவிட்டு எடுத்து வந்தேன்.

சந்தை வழியாகத்தான் திரும்பினேன். மீன்காரி ஒருத்தி கூறுகட்டி வைத்திருந்தாள். நான் நின்றேன். "இன்னா சாமி, வழி தப்பிட்டியா? கோயில் அந்தாண்ட கீது" என்றாள். நடையை எட்டிப் போட்டேன்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். போரிக் பவுடர், வெயில், எண்ணெய். மீனை மட்டும் சொல்லவில்லை. பையன் போனதிலிருந்து என் மனைவி மடி ஆசாரமும் விரதமுமாகத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் அந்த வார்த்தையைச் சொல்ல முடியாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சந்தையில் என்னைப் பார்க்கக்கூடியவர்களின் முகங்களும் மனத்தில் இல்லாமல் இல்லை. எண்ணெய் முதலில் வேலை செய்கிறதா என்று பார்க்கலாம் என்றும் நினைத்தேன்.

எட்டு நாள் பார்த்தேன். குழந்தை தினமும் தன் கையாலேயே ஆமைக்கு எண்ணெய் சொட்டினாள். அதற்குப் புரையேறக் கூடாதென்று தலையைப் பிடித்துக்கொள்வாள். "இன்னிக்குக் கண் கொஞ்சம் திறந்திருக்கு, இல்லையாப்பா?" என்பாள். ஆமாம் என்பேன். அந்த நம்பிக்கையில் ஒரு கரண்டி கஞ்சி குடிப்பாள். அதற்கு மேல் இல்லை. கன்னத்துச் சதை வந்த வழியே போய்க்கொண்டிருந்தது.

ஒன்பதாம் நாள் காலை மந்தைவெளிக்குப் போய், கண்ணை மூடிக்கொண்டு இறால் வாங்கினேன். எல்லோரும் உள்ளே இருந்தபோது தொட்டிக்குப் பின்னால் குந்தி, கல்லில் நசுக்கி, விரலால் ஆமையின் வாயில் வைத்தேன். வாய் திறக்கவில்லை. நகத்தால் தாடையை நெம்பி உள்ளே தள்ளினேன். உள்ளே போகவில்லை, ஓரமாக வழிந்து கீழே விழுந்தது. மறுபடி தள்ளினேன். மறுநாளும் அதையே செய்தேன். அதற்கு மறுநாள் காலையில் கழுத்து வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

மனைவியிடம் அப்போதுதான் மீன் விஷயத்தைச் சொன்னேன். ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை.

"எண்ணெய் மட்டும் எந்த மரத்துல காய்ச்சுதாம்?" என்றாள். முறத்தை இரண்டு தரம் புடைத்தாள். "என்கிட்டே சொல்லியிருந்தா நானே வாங்கிண்டு வந்து நசுக்கிக் குடுத்திருப்பேன். தலைக்கு ஒரு முழுக்குப் போட்டா ஆச்சு. குழந்தைக்குன்னா நான் எதைச் செய்ய மாட்டேன்னு நீங்க நினைச்சேள்?"

பக்கத்தில் உட்கார்ந்து நானும் கொஞ்ச நேரம் கல் பொறுக்கினேன்.

இந்தத் தடவை குழந்தையிடம் மறைக்க முடியவில்லை. அவள் தொட்டியருகே வந்து பார்த்துவிட்டாள். அழவில்லை. என்னைக் கேட்டாள்:

"டாக்டர் சொன்ன மருந்தெல்லாம் கொடுத்தியாப்பா?"

"கொடுத்தேம்மா."

"எல்லாம் கொடுத்தியா?"

"எல்லாம்."

"அப்போ அந்த டாக்டருக்கு ஒண்ணும் தெரியலை. நீ என்ன பண்ணுவே, பாவம்" என்று சொல்லி என் முழங்கையைத் தொட்டாள்.

இரண்டு நாள் தண்ணீரைத் தவிர எதுவும் வாயில் வைக்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், கூப்பிடாமலே வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். என் மனைவி பேச்சுக் கொடுக்காமல் பரிமாறினாள். குழந்தை சுவரைப் பார்த்துக்கொண்டே, கடமை போல, முழுவதையும் சாப்பிட்டாள். ஜுரம் திரும்பவில்லை.

இப்போது அவள் பெரிய வகுப்பில் படிக்கிறாள். உடம்பு தேறிவிட்டது. தெருவில் நாய்க்கோ மாட்டுக்கோ உடம்புக்கு வந்து யாராவது சைதாப்பேட்டை டாக்டர் பெயரை எடுத்தால், "அவரா? அவருக்கு ஒண்ணும் தெரியாது" என்று முந்திக்கொண்டு சொல்கிறாள். போன மாதம் எதிர் வீட்டில் கன்றுக்குட்டி வயிறு ஊதிக் கிடந்தபோதும் சொன்னாள். அவர்கள் வேறு யாரையோ தேடிப் போனார்கள். நான் வாசலில்தான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.