சேவியர் சோம்பேறி இல்லை

கோச் சார், நீங்கள் பொய் சொல்கிறீர்கள்.

இதைப் படிக்கும் நண்பருக்கு விவரம் சொல்லிவிடுகிறேன். போன வாரம் என் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. அடையாறில் ஒரு மொட்டைமாடி, பச்சை பிளாஸ்டிக் புல், கையில் மைக்கோடு எங்கள் பழைய கோச். ஃபுட்பால் ஆடுவதற்கு முன்னால் முறையாக வார்ம்-அப் செய்ய வேண்டும் என்பதை இந்தப் பக்கத்துக்கே அவர்தான் கொண்டுவந்தாராம். "அப்பவே சொன்னேன். கேக்காத சோம்பேறிங்க முட்டிய ஒடச்சிக்கினாங்க. சேவியர்னு ஒருத்தன் இருந்தான்..." என்று சிரிக்கிறார். பெற்றோர்கள் கைதட்டுகிறார்கள்.

அந்த வீடியோ சேவியரின் பத்து வயது மகள் கண்ணில் பட்டிருக்கிறது. "அப்பா, நீ சோம்பேறியா?" என்று கேட்டிருக்கிறாள். அவன் அந்த வீடியோவை அப்படியே எனக்கு அனுப்பிவிட்டான். அவன் அதிகம் பேசமாட்டான். எனக்கு வாய் அதிகம், அதனால் எழுதுகிறேன்.

நான் ஏசி மெக்கானிக். வேலைக்குப் போகும் கட்டடங்களில் அந்த பிளாஸ்டிக் புல்லை மிதித்திருக்கிறேன். வெயில் ஏறினால் டயர் கருகுகிற நாற்றம். நாங்கள் ஆடிய நந்தனம் மைதானத்துக்கு வேறு வாசனை: செம்மண், மதிலுக்கு வெளியே கொதிக்கும் பஜ்ஜி எண்ணெய், எல்லாவற்றுக்கும் மேலே வலித் தைலம். தைலம்தான் எங்கள் வார்ம்-அப். தொடை எரிகிறவரை தேய்ப்போம், இரண்டு முறை குனிந்து கால் விரலைத் தொடுவோம், கோலைப் பார்த்து நாலு உதை. எரிந்தால் உடம்பு சூடாகிவிட்டது என்று நம்பிய மடையர்களில் நானும் ஒருவன்.

தைலம் என்றால் ஸ்டெல்லா டீச்சருக்கு ஆகாது. "கோழிக்கு மசாலா தடவுற மாதிரி தடவுறீங்களேப்பா" என்பார். அதே மைதானத்தின் மூலையில் பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுத்தவர். அடையாளத்துக்கு வைக்கும் பிளாஸ்டிக் கூம்பு வாங்க வழியில்லாததால் செருப்புகளைக் கழற்றி வரிசையாக வைப்பார். அவற்றுக்கு நடுவே வளைந்து ஓடு, பக்கவாட்டில் போ, ஒற்றைக்காலில் குதி, நில், திரும்பு. இருபது நிமிஷம், ஒருநாள் தவறாமல். "குதிச்சு எறங்கும்போது சத்தமே வரக்கூடாது. சத்தம் வந்தா அடி முட்டிக்குப் போகுதுன்னு அர்த்தம்."

நான் மதில்மேல் உட்கார்ந்து கத்துவேன். "இன்னாம்மா, பாண்டி ஆடிக்கினு கீறீங்களா?"

அவர்கள் கோல்கீப்பர் திரும்பிப் பார்த்தாள். "நீயும் வாயேன். வுழுந்தா மட்டும் தூக்க மாட்டோம்."

போனேன். மூணாவது செருப்பில் விழுந்தேன். சொன்னபடி யாரும் தூக்கவில்லை.

சேவியர் மட்டும் சிரிக்காமல் அந்த வரிசையில் போய் நின்றான். ராஜா அண்ணாமலைபுரத்தில் எனக்கு அடுத்த தெரு. எங்கள் அணியில் வலது ஓரம் ஆடியவன். நேராக ஓடினால் ரயில், திரும்பச் சொன்னால் லாரி என்று கிண்டல் செய்வோம். இரண்டு மாதம் செருப்புகளுக்கு நடுவே ஆடினான். அப்புறம் பயிற்சியில் அவனைத் தடுக்கப் போனால், ஒரு செருப்பு அகலத்துக்குள் நின்று எதிர்ப்பக்கம் போய்விடுவான். நான் பாட்டுக்கு மதில்வரை ஓடுவேன்.

கோச்சுக்கு அது பிடிக்கவில்லை. "இன்னாடா நைனா, பொம்பளப் புள்ளைங்களோட டான்ஸ் கத்துக்கினியா?"

அப்புறம் அந்த ஃபைனல். ஜெயித்தால் மேல் டிவிஷன். அன்று பெரிய அணிகளுக்கு ஆள் எடுக்கத் தேர்வாளர்களும் வந்திருந்தார்கள். சேவியர் எல்லோருக்கும் முன்னால் வந்து எங்கள் செருப்புகளை வாங்கி வரிசையாக வைத்தான். கோச் அவற்றைக் காலால் தள்ளினார். சிறப்பு விருந்தினர் வரப்போகிறார், எல்லோரும் லைனில் நிற்க வேண்டுமாம்.

"சார், இருபது நிமிஷம்தான் சார்" என்றான் சேவியர்.

"கெஸ்ட்டுக்கு வேர்வக் கையக் குடுப்பியா? நில்லுடா லைன்ல."

விருந்தினர் வர முக்கால் மணிக்கு மேல் ஆனது. மரம் மாதிரி நின்றோம். வந்தார், மாலை, கைகுலுக்கல், போட்டோ, உடனே விசில். அவனுக்கு வந்த முதல் பந்தில் சேவியர் நின்று திரும்பினான். அவன் முட்டியிலிருந்து டப் என்று ஒரு சத்தம். பத்தடி தள்ளி இருந்த எனக்குக் கேட்டது. கோட்டோரம் நின்ற உங்களுக்கும் கேட்டது, சார். திரும்பிப் பார்த்தீர்களே.

வார்ம்-அப் செய்திருந்தால் முட்டி பிழைத்திருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், நான் டாக்டர் இல்லை. அவன் சோம்பேறி இல்லை என்று எங்கே வேண்டுமானாலும் செய்வேன்.

அந்த மைதானத்து மூலையில் இப்போது வண்டிகள் நிற்கின்றன. ஸ்டெல்லா டீச்சர் இறந்துவிட்டார். சேவியரின் அந்தத் திருப்பம் அந்த ஃபைனலோடு சரி. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது இன்றும் அடிபட்ட இடது காலை முதலில் மெதுவாக வைக்கிறான். வீடியோவில் நீங்கள் செய்து காட்டும் பயிற்சி மட்டும் மிச்சம்: வளைந்து ஓடு, பக்கவாட்டில் போ, ஒற்றைக்காலில் குதி, நில், திரும்பு. செருப்புக்குப் பதில் ஆரஞ்சுக் கூம்பு. உங்கள் பேச்சு முடியும்வரை பின்னால் பிள்ளைகள் லைனில் நிற்கிறார்கள்.

வரும் ஞாயிறு நீங்கள் அந்த மொட்டைமாடியில் மறுபடி பேசுகிறீர்களாம். நானும் சேவியரும் வருவோம், அவன் மகளும் வருவாள். அதே மைக்கில், அதே பெற்றோர்கள் முன்னால் சொல்லுங்கள்: இந்தப் பயிற்சி யாருடையது? அன்று செருப்பைத் தள்ளிய கால் யாருடையது?