பட்டினி போட்ட அத்தித் தோட்டம்

ஓர் இலைகூட இல்லாமல் நின்ற அத்தி மரங்களுக்கு நடுவே, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அக்கா நின்ற அந்தக் காலை இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. பக்கத்தில் நின்று நான் அவரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் அல்ல. புனே நகரத்துக்குள் கட்கியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழ்ப் பெண். காதலித்து, புனேவுக்கு வெளியே சாஸ்வட் பக்கம், பேஷ்வா காலத்துக் கல் வீடு ஒன்றுக்கு மருமகளாகப் போனார். அங்கே அதை வாடா என்பார்கள். அந்தப் பெரிய வீட்டில் எல்லோருக்கும் அவர் வஹினி, அதாவது அண்ணி. புனேயின் வானவடியிலிருந்து தோட்ட மேற்பார்வை வேலைக்குப் போன என்னை, தமிழ் பேச ஓர் ஆள் கிடைத்தானே என்று தம்பியாக்கிக்கொண்டார். கணவர் காலமான பிறகு வாடாவும் நிலமும் அவருக்கும் கொழுந்தனாருக்கும் பொதுவில் இருந்தன. கொழுந்தனாருக்கு விற்றுவிட ஆசை. தோட்டம் உயிரோடு இருந்தால் நீங்களே பாருங்கள், பட்டுப்போனால் பில்டருக்குத்தான் என்று சொல்லிவிட்டார். கேட்கப் பெரிய மனசு மாதிரிதான் இருக்கும். கட்கிப் பெண்ணுக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும் என்ற நினைப்பும் அதற்குள் இருந்தது.

அந்தப் பக்கத்தில் மழை முடிந்ததும் அத்திக்குத் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். மரம் இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நிற்கும். அப்படிப் பட்டினி கிடந்த பிறகு தண்ணீர் விட்டால்தான் தளிரோடு காயும் பிடிக்கும். கொழுந்தனார் பில்டரை அழைத்துக்கொண்டு வருவதாகப் போன் செய்தது சரியாக அந்த நாட்களில்.

"மோட்டார் போட்டுடலாம்க்கா. நாலு தளிராவது தெரியும்" என்றேன்.

"தளிர் வரும் தம்பி, காய் வராது. அவருக்குப் பச்சையைக் காட்டிட்டு, வருஷம் பூரா வெறும் இலையை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? வரட்டும், பாக்கட்டும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. நிலமே போகப் போகிறது, இதில் காயைப் பற்றி என்ன பேச்சு!

வந்தார்கள். கொழுந்தனார் சுற்றிப் பார்த்து உச்சுக் கொட்டினார். "பாத்தீங்களா, எல்லாம் விறகு" என்று பில்டரிடம் மராத்தியில் சொல்லி, காட்டுவதற்காக ஒரு கிளை நுனியை ஒடித்தார். ஒடித்த இடத்திலிருந்து வெள்ளைவெளேரென்று பால் வடிந்து விரல்களில் வழிந்தது. அவர் துடைக்கவில்லை. சின்ன வயதில் அதே மரங்களில் ஏறி, அந்தப் பால் பட்டு உதடு புண்ணாகி அழுதவர் என்று அக்கா சொல்லியிருக்கிறார். மனுஷன் அதை எப்படியோ மறந்திருந்தார். பில்டர் காரில் ஏறி ஹாரன் அடித்தும் கொழுந்தனார் நகரவில்லை. கடைசியில் தலையைக் குனிந்தபடியே, "வஹினி, தண்ணி எப்ப விடப் போறீங்க?" என்று கேட்டார். அக்கா அழுதுவிட்டார். நானும்தான்.

இப்போது சுற்றிலும் அடுக்குமாடிகள் வந்துவிட்டன. நடுவில் அத்தித் தோட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. வருஷா வருஷம் மரங்கள் மொட்டையானதும் பால்கனிக்காரர்கள் பதறிப்போய், பாவம், கொஞ்சம் தண்ணீர் விடக்கூடாதா என்று வாடாவுக்குப் போன் செய்கிறார்கள். அக்கா போனை எடுப்பதற்குள் கொழுந்தனார் பிடுங்கிக்கொள்கிறார்.

"செத்துப்போச்சுன்னு யார் சொன்னது? ஹோலிக்கு வாங்க. கூடையோட வாங்க!"