கோபுரம் தெரிந்தாலும் எழும்பக்கூடாது

படகு ஏறுகிற சனத்துக்குப் பாதுகாப்பு அங்கி கட்டிவிடுகிற வேலையை ஒரு நாள் செய்து பாருங்கோ, ஊசி போட வந்த நேர்ஸைக் கண்ட பிள்ளைகள் மாதிரி எல்லாரும் உங்களைக் கண்டதும் வேறு பக்கம் பார்ப்பார்கள். கடையிலும் பஸ்ஸிலும் கந்தோரிலும் சனத்தோடு மல்லுக்கட்டுகிற உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

எனக்கு வேலை குறிகட்டுவான் இறங்குதுறையில். நயினாதீவு அம்மன் கோவிலுக்குப் போகிறவர்களுக்கு அங்கி கட்ட வேண்டும். பின்னேரம் எங்கட பாதுகாப்பு அதிகாரிக்குப் போன் எடுத்து, அன்றைக்குக் கடலில் நடந்ததை வகை பிரித்துச் சொல்ல வேண்டும். ஆளுக்குக் காயம், படகுக்குச் சேதம் என்றால் முதலாம் வகை. தண்ணீருக்குள் விழுந்தும் ஒன்றும் ஆகவில்லை என்றால் இரண்டாம் வகை. நடக்கப் பார்த்தது, ஆனால் நடக்கவில்லை என்றால் மூன்றாம் வகை.

இதில் எனக்கு ஒரு வில்லங்கம். அங்கே ஓடுகிற படகுகளில் ஒன்றை ஓட்டுகிறவர் என்ர மனுசன். அம்மன் கோவில் திருவிழாவுக்குக் கொஞ்சம் முதல் அவர் படகை இறங்குதுறையில் இடித்து, ஏறி நின்ற ஒருவரின் கை சுளுக்கிப் போனது. முதலாம் வகை. அறிவித்தது நான்தான். இன்னொரு முதலாம் வகை வந்தால் திருவிழா முடியும்வரை படகைக் கட்டிவைக்க வேண்டும் என்று உத்தரவு. திருவிழா ஓட்டத்தை நம்பித்தான் எங்கட வீடு ஓடுகிறது. அதிகாரி எனக்கும் தனியாக ஒன்று சொன்னார்: "உம்மட மனுசன்ர படகெண்டு வகையை இறக்கிச் சொல்லுறேல்லை, தங்கச்சி."

பானைக்கு ஒரு அங்கி

திருவிழா தொடங்கியதும் பொங்கிப் படைக்க ஒரு குடும்பம் வந்தது. தாய், தகப்பன், இரண்டு மாமிமார், ஒரு புதுப் பானை. ஆளுக்கொரு அங்கி கொடுத்து, வாரை எப்படிப் பூட்டுவது என்றும் காட்டி, அடுத்த ஆட்களைக் கவனித்துவிட்டுத் திரும்பினால் ஒருவர் உடம்பிலும் அங்கி இல்லை. இரண்டு, குந்துகிற பலகை வாங்கில் மெத்தையாகக் கிடக்கின்றன. இன்னொன்றில் தேங்காய்கள் படுத்திருக்கின்றன. மற்றது பானைக்குப் போட்டிருக்கிறது, நான் காட்டினபடியே, வார் எல்லாம் அச்சொட்டாகப் பூட்டி.

"ஏன் மாமி, பானையைவிட உங்கட உயிர் பெரிசில்லையோ?" என்று கேட்டேன்.

பெரிய மாமி என்னைப் பாவமாய்ப் பார்த்தா. "நாங்கள் தீவாக்கள், பிள்ளை. எங்களுக்கு நீந்தத் தெரியும். பானைக்குத் தெரியுமே?"

கடலுக்குள் போன பல்லு

அடுத்தது என்ர மனுசன்ர படகிலேயே நடந்தது. முந்தித் தெற்குப் பக்கம் கடை வைத்திருந்த ஒரு பெரியவர், படகு விளிம்பில் குனிந்து தும்மினார். மேல்வரிசைக் கட்டுப்பல்லுச் செற் பறந்து கடலுக்குள் போய்விட்டது. கரைக்கு வந்து வாயைப் பொத்திக்கொண்டு எனக்கு முன்னால் நின்றார். அவருக்குப் பின்னால் என்ர மனுசன் நின்று, வகையைப் பார்த்துச் சொல்லு என்று கண்ணாலேயே கெஞ்சுகிறார்.

உடனே அதிகாரிக்குப் போன் எடுத்தேன். வாய்க்குள் இருந்து ஒன்று போயிருக்கிறது, அது காயமோ? ஆசுப்பத்திரியில் செய்வித்ததுதானே, அது எந்த வகையிலும் சேராத வெறும் சாமானோ? அதிகாரி, "பல்லுக்காரரையே கேளும்" என்றார். கேட்டேன்.

பெரியவர் கையை எடுத்துவிட்டுப் பொக்கை வாயால் சிரித்தார். "சாமான் எண்டே சொல்லும், பிள்ளை. சொந்தப் பல்லு போய் எத்தினை வரியம், அதுக்கு ஒருத்தரும் போன் எடுக்கேல்லை."

குசினியில் ஒரு சம்பவம்

வகை பிரித்துப் பிரித்து எனக்கு அது ஒரு நோயாகவே வந்துவிட்டது. எங்கட சின்னவள் கதிரையில் ஏறினால் மூன்றாம் வகை. பால் கோப்பையைக் கவிழ்த்தால் இரண்டாம் வகை. ஒரு நாள் கறியை அடுப்பில் வைத்துவிட்டு, தலையணையை அங்கியாக்கி அவளுக்குக் கட்டிவிட்டு, அறைக்குள் இரண்டு பேரும் நீந்திக்கொண்டிருந்தோம். மணம் வந்த பிறகுதான் ஓடினேன். அதற்குள் மனுசன் சட்டியை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"மூன்றாம் வகைதான். கொஞ்சம் தண்ணி விட்டால் சரிவரும்" என்றேன்.

"இஞ்சேரும், படகுக்கு ஒரு நியாயம், சட்டிக்கு ஒரு நியாயமோ? வடிவாய்ப் பாரும். இது முதலாம் வகை."

விதானையார் வந்தால்

எங்களுக்கு உண்மையான பயம் கோபுரத்தால்தான். எங்கட படகு சின்னது, இரண்டு பக்கமும் நீட்டு வாங்கு. நயினாதீவு கிட்டவர ஒரு பக்கமாய் அம்மன் கோவில் கோபுரம் தெரியும். தெரிந்ததும் மற்றப் பக்கத்து வாங்கு முழுக்க எழும்பி இந்தப் பக்கம் வந்து, தலைக்கு மேலே கை கூப்பும். படகும் சேர்ந்து குனிந்து கும்பிடும். ஒருவர் விழுந்து அடிபட்டால் போதும், எங்கட திருவிழா அன்றோடு சரி.

திருவிழா நாட்களில் அங்கி கட்டுகிற நாங்களும் முறை வைத்துப் படகில் போக வேண்டும். என்ர முறை வந்தபோது நடுவில் நின்று, "கோபுரம் தெரிஞ்சாலும் ஒருத்தரும் எழும்பக்கூடாது. இருந்தபடி கும்பிடுங்கோ" என்று அறிவித்தேன். ஏதோ சொல்லக்கூடாததைச் சொன்னவள் மாதிரிப் படகு முழுக்க என்னைப் பார்த்தது.

பட்டுச் சேலை கட்டின ஒரு அக்கா மெதுவாய்க் கேட்டா. "வீட்டுக்கு ஊர் விதானையார் வந்தாலே எழும்புறனாங்கள், தங்கச்சி. அம்மாளைக் கண்டு குந்திக்கொண்டு இருக்கச் சொல்லுறீரோ?"

சிவப்பு

தேருக்கு முதல் நாள், திரும்ப என்ர முறையில், அது நடந்தது. கோபுரம் தெரிந்தது, எழும்பினார்கள், படகு சாய்ந்தது. லண்டனில் இருந்து வந்த ஒரு அண்ணை விளிம்பில் நின்று போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தவர், அப்படியே தண்ணீருக்குள் போனார். அங்கி நான் இறுக்கிக் கட்டினது, தக்கை மாதிரி மேலே வந்தார். போன் வரவில்லை. மனுசன் எஞ்சினை நிறுத்திக் கயிறு எறிந்து இழுத்து ஏற்றினார். ஏற்றிப் பார்த்தால், அண்ணையின் நெற்றியில் இருந்து மூக்கு வழியாய்ச் சிவப்பாய் வடிகிறது.

ஆளுக்குக் காயம். நாளைக்குத் தேர், எங்கட படகு கரையில். அதைச் சொல்ல வேண்டிய வாயும் என்னுடையது. மனுசன் எஞ்சினையே பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணையின் மனைவிதான் ஒரு பதற்றமும் இல்லாமல் சேலைத் தலைப்பால் ஒரு துடை துடைத்தா. நெற்றி பளிச்சென்று இருந்தது. விடிய அவவே வைத்துவிட்ட குங்குமம். நம்பாமல் நானும் விரலால் தேய்த்துப் பார்த்தேன். படகு முழுக்கச் சிரித்தது. நானும் மனுசனும்தான் கடைசியாய்ச் சிரித்தோம்.

பின்னேரம் ஒன்றையும் விடாமல் அதிகாரிக்குச் சொன்னேன்: ஆள் விழுந்தார், காயமில்லை, சிவப்பு குங்குமம். இரண்டாம் வகை என்று ஒத்துக்கொண்டார். போனை வைக்கமுதல் சொன்னார்: "நாளைக்கும் அப்பிடி எழும்பினால், வடியிறது குங்குமமாய் இராது, தங்கச்சி."

மறைக்குது

தேரன்று மனுசன் ஒரு வேலை செய்தார். கோபுரம் தெரிகிற இடத்துக்கு முன்னமே படகை வளைத்து, மூக்கை நேரே கோபுரத்துக்குக் காட்டினார். இனிப் பக்கத்தால் எட்டிப் பார்க்க ஒன்றும் இல்லை, எல்லாம் முன்னுக்கு. வழக்கம்போல முன்னுக்கு இருந்த ஒருவர் எழும்பினார். அன்றும் படகில் நின்ற நான் வாயைத் திறக்கமுதல் பின்னுக்கு இருந்த சனம் "மறைக்குது" என்றது. அவர் திரும்பவும் வாங்கில் இருந்தார். அடுத்தவர் எழும்பினார், அவரையும் இருத்தினார்கள். எல்லாரும் இருந்தபடியே கை கூப்பினார்கள், படகு குனியாமல் போய்ச் சேர்ந்தது. தீர்த்தம் முடியுமட்டும் அப்படித்தான் ஓடினோம். அதிகாரிக்குச் சொல்ல எனக்கு ஒரு மூன்றாம் வகைகூடக் கிடைக்கவில்லை.

அதற்காக எல்லாரும் உடனே அடங்கினார்கள் என்றில்லை. தேரன்று ஒருவர் மட்டும் இருக்கமாட்டேன் என்று நின்றார். பின்னுக்கு இருந்த ஒரு அக்கா குரலை உயர்த்தாமலே சொன்னா: "முன்னுக்கு நிக்கிற அண்ணை, ஒருக்கா இரும். அம்மாளை உமக்கு எழுதித் தரேல்லை."

கடலைக் காட்டி இருத்த ஏலாத சனத்தை, பின்னுக்கு இருக்கிற ஒருத்தியின் வாய் ஒரு நொடியில் இருத்திவிடும் என்பதுதான் இந்த வேலையில் நான் படித்த முழுப் பாதுகாப்பும்.