சிவலைக்கு மூன்று நாள்

இதை எழுத வேண்டும் என்று கொப்பியை எடுப்பதும் மூடி வைப்பதுமாகப் பல வருடங்கள் போய்விட்டன. கோயிலில் அந்தோனியார் செய்த புதுமைக்குச் சாட்சி சொல்லக் கேட்டால், எங்கள் சிவலை மாடு காணாமல் போய்த் திரும்பக் கிடைத்த கதையை மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிடுவேன். மிச்சம் இதுதான்.

சண்டை முடிந்த அடுத்த வருடம். எனக்கு ஒன்பது வயது. வன்னியிலிருந்து ஒரு அன்ரி எங்கள் ஒழுங்கைக்குக் குடிவந்தார். எங்கள் நெடுந்தீவில் கல்வேலிகளுக்கு மேலால் வளவு வளவாக எட்டிப் பார்த்துக்கொண்டு ஒருவர் போனால், அவர் மாட்டைத் தொலைத்தவராகத்தான் இருப்பார். அன்ரியும் அப்படித்தான் போனார். நெற்றி நிறையத் திருநீறு.

“என்ன குறி, அன்ரி?” என்று கேட்டேன். மாடு தேடுகிறவரிடம் நாங்கள் முதலில் கேட்பது குறிசுட்ட அடையாளத்தைத்தான்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். “இடது புருவத்தில ஒரு தழும்பு, பிள்ளை. கண்டனீரோ?”

“இல்லை. அந்தோனியாரிட்டச் சொல்லுங்கோ. எங்கட சிவலையை மூண்டு நாளில கொண்டந்து விட்டவர்.”

“நான் சைவமெல்லோ.”

“அவர் ஆக்களைப் பாக்கிறேல்லை. செவ்வாய்க்கிழமை கோயிலுக்கு மெழுகுதிரியோட வாங்கோ.”

வீட்டில் இதைச் சொன்னதும் அம்மா தலையில் கை வைத்தார். “அது மாடில்லையடி. அவவின்ர மகன். இஞ்சால கண்டதெண்டு ஆரோ சொன்னதை நம்பி வந்திருக்கிறா.”

எனக்கு வெட்கம் வரவில்லை. மாட்டைக் கண்டுபிடிக்கிறவருக்கு ஆளைக் கண்டுபிடிக்க ஏலாதோ என்றுதான் நினைத்தேன்.

அன்ரி வந்தார். ஒவ்வொரு செவ்வாயும் கோயிலின் கடைசி வாங்கில் இருப்பார், திருநீற்றோடு. எப்போது எழும்புவது, எப்போது முழந்தாளிடுவது என்று பக்கத்தில் இருந்து நான் சொல்லிக்கொடுத்தேன்.

ஐந்தாம் செவ்வாய், கோயில் வாசலில் என் கையைப் பிடித்தார். “உங்கட சிவலைக்கு மூண்டு நாள். எனக்கு ஏன் பிள்ளை இப்பிடிச் சுணங்குது?”

மறைக்கல்வி வகுப்பில் முதலாம் பிள்ளை நான். பதில் தெரியாமல் இருக்குமா?

“உங்களுக்கு விசுவாசம் காணாது, அன்ரி,” என்றேன். சொல்லும்போது அவருடைய நெற்றியைப் பார்த்தேன். பார்த்ததை அவரும் கண்டார்.

“அப்பிடியும் இருக்கும்,” என்றார். கோபிக்கவில்லை.

அடுத்த செவ்வாய் வெறும் நெற்றியோடு வந்தார்.

“அன்ரி எங்கட ஆளாயிட்டா,” என்று வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். ஒரு நாளும் செபமாலை தவறாத அம்மா, என் கன்னத்தில் அறைந்தார். பிறகு குசினிக்குள் போய் அழுதார். ஒரு ஆத்துமாவைக் கொண்டுவந்ததற்கு ஏன் அடி என்று எனக்கு விளங்கவில்லை.

இன்று எனக்கும் ஒரு மகன் இருக்கிறான். மகனுக்காகக் கொடுக்க அந்த மனிசியிடம் மிஞ்சியிருந்தது அந்தத் திருநீறு ஒன்றுதான். அதையும் நான் கேட்டு வாங்கினேன்.

செவ்வாய் தோறும் அந்தத் தழும்புக்காக இன்னும் ஒரு திரி கொளுத்துகிறேன். இதை வாசிக்கிறவர்கள் பிறருக்கும் சொல்லுங்கள். ஆனால் இப்படியே சொல்லுங்கள். சாட்சி அழகாக முடிய வேண்டும் என்பதற்காக, மகன் வந்துவிட்டான் என்று சேர்க்க வேண்டாம். அவன் வரவில்லை.