மழைக்காலத்தில் ஓடிய ஏ.சி.

அறுபதுகளில் பெங்களூரில் நான் ஏ.சி. ரிப்பேர்காரன். எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில், "சரி, சோத்துக்கு என்ன வேலை?" என்று கேட்டார்கள். ஊர் அவ்வளவு குளிராக இருந்தது. கண்டோன்மென்ட் பக்கம் ஒரு சின்னக் கம்பெனி எங்களுடையது. தியேட்டர், ஆஸ்பத்திரி என்று போவோம். வீடுகள் அபூர்வம்.

அப்படியொரு வீடு, ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவருடையது. டெல்லியில் வாங்கிய ஜன்னல் ஏ.சி.யை ரயிலேற்றிக் கொண்டுவந்து, படுக்கையறைச் சுவரில் துளை போட்டு மாட்டியிருந்தார். அப்பா விட்டுப்போன பங்களாவை அண்ணனும் தம்பியும் பாதியாகப் பிரித்துக்கொண்டு, பேச்சையும் நிறுத்தியிருந்தார்கள். இவர் அண்ணன். ஏ.சி.யின் பின்பக்கம் தம்பியின் முற்றத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. அனல் முழுக்க அங்கேதான் போகும். வேறு சுவர் இல்லையா என்று கேட்டேன்.

"இருக்கு," என்றார்.

ஆடி மாத மழையில், மெஷின் நின்று நின்று போகிறது என்று சொல்லி அனுப்பினார். மழையில் ஏன் ஏ.சி. என்று நான் கேட்கவில்லை. அவர் மனைவி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "அவருக்குச் சூட்டு உடம்பு," என்றார்.

பின்பக்கம் பார்க்கத் தம்பி வீட்டுக்குப் போனேன். தம்பி மனைவி கதவைத் திறந்தார். மெஷினை ஒட்டிக் கொடி கட்டி, சின்னச் சின்னத் துணிகளை நெருக்கமாகத் தொங்கவிட்டிருந்தார்கள்.

"பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்காப்பா. வெயிலே இல்ல, துணி காய மாட்டேங்குது. இங்கதான் சொல்ப சூடா இருக்கு."

"காத்து அடைச்சா மெஷின் நின்னுடும்மா."

"அப்ப எடுத்துடவா?" என்றவரின் முகம் வாடிவிட்டது.

திரும்பி வந்து, பின்னால் துணி மறைக்கிறது என்று அண்ணனிடம் சொன்னேன்.

"வேணும்னே பண்றான்."

"குழந்தைத் துணி சார்."

"எந்தக் குழந்தை?"

"உங்க தம்பி பொண்ணோடது."

அவர் மனைவியைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"அழற சத்தம் உங்களுக்குக் கேக்கலையா?"

"இந்த மெஷின் சத்தத்துல என்ன கேக்குது?" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பி, "என்ன குழந்தை?" என்றார்.

"பொண்ணு," என்றார் மனைவி.

துணியை எடுக்கச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பச்சக் குழந்தை துணியை எடுக்கச் சொல்வியா? கொடியைத் தள்ளிக் கட்ட முடியுமா பாரு."

ஆணி அடித்து, ஒரு கை தூரம் தள்ளிக் கட்டினேன். மெஷின் நிற்காமல் ஓடினால்தான் துணி காயும் என்று அண்ணனிடம் சொல்லிவைத்தேன்.

"ஓடும்," என்றார்.

ஓடியது. அவர் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயும் போட்டுக்கொண்டு அந்த அறையில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். மனைவி படுக்கையை ஹாலுக்கு மாற்றிக்கொண்டார். உள்ளே ஐஸ் கட்டுகிறது என்று இடையில் போய்ச் சுத்தம் செய்தேன். இந்தக் குளிரில் இப்படி ஓட்டினால் கம்ப்ரசர் போய்விடும் என்று எச்சரித்தேன்.

"போகட்டும்."

அன்று பின்பக்கம் நின்றிருந்த தம்பி என்னிடம் மெல்லக் கேட்டார்: "அவருக்கு உடம்பு சரியில்லையா? இந்தக் குளிர்ல போய்..."

"சூட்டு உடம்பாம் சார்," என்றேன். அவர் காய்ந்த துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

மழை ஓய்ந்து நல்ல வெயில் வந்த பிறகுதான் கம்ப்ரசர் எரிந்தது. புதிது போடலாமா என்று கேட்டேன்.

"பெங்களூர்ல எதுக்கய்யா ஏ.சி.?" என்றார் அதிகாரி.

நானும் கூட இருந்த ஆளும் மெஷினைச் சுவரிலிருந்து உருவிக் கீழே வைத்தோம். திறப்பு வழியாக வெயில் உள்ளே விழுந்தது. அந்தப் பக்கம் தம்பி மனைவியின் முகம் தெரிந்தது. அண்ணன் மனைவி கிட்டே போனார். நலம் விசாரிப்பு ஒன்றும் இல்லை.

"தலையைப் பார்த்துப் பிடிங்க அக்கா," என்றார் தம்பி மனைவி.

துண்டில் சுற்றிய குழந்தை சுவர் வழியாக இந்தப் பக்கம் வந்தது. அதிகாரி குல்லாயைக் கழற்றிவிட்டு வாங்கிக்கொண்டார். குழந்தை அவர் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தது.

"நல்ல கனம்," என்றார்.

சுவரை அடைக்க எனக்குத் தெரிந்த கொத்தனார் இருக்கிறார் என்றேன். அப்புறம் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். அனுப்பவே இல்லை.