மெரிசோ ஊரின் கலிபோர்னியா விலாசம்

ருஃபினா பார்சினாஸ் வீட்டுக் கார் கொட்டகையில் கார் நின்று பல வருடம் ஆகிவிட்டது. கலிபோர்னியாவின் சான் டியேகோவில், கடற்படைக்காரர்கள் குடியிருக்கும் தெருவில் அவள் வீடு. கொட்டகை முழுக்க அட்டைப்பெட்டிகள். ஒன்றுகூட அவளுடையது இல்லை. எல்லாம் பசிபிக் கடலில் அமெரிக்காவுக்குச் சொந்தமான குவாம் தீவில், அவள் பிறந்த மெரிசோ ஊர்க்காரர்கள் இணையத்தில் வாங்கிய சாமான்கள்.

கடைக்காரன் நேராகக் குவாமுக்கே அனுப்பினால் என்ன? அனுப்பமாட்டானே! விலாசம் கேட்கும் இடத்தில் கலிபோர்னியாவுக்கு சி.ஏ., ஹவாய்க்கு எச்.ஐ. என்று எல்லா மாநிலமும் இருக்கும், எங்கள் குவாமின் ஜி.யு. இருக்காது. அப்படியே இருந்தாலும், 'வெளிநாட்டுக்கு அனுப்புவதில்லை' என்று பதில் வரும். பட்டாளத்துக்குப் பிள்ளைகளை எடுக்கும்போது நாங்கள் அமெரிக்கா. ஒரு ஜோடி செருப்பு கேட்டால் வெளிநாடு. தபால்காரர் ஒருவருக்குத்தான் நாங்கள் உள்நாடு. அதனால் ஊரே ருஃபினாவின் விலாசத்தைக் கொடுத்துவிடும். அவள் பெட்டிமேல் புதுத் தாள் ஒட்டி, தடித்த பேனாவால் ஜி.யு. என்று எழுதி மறுபடி தபாலில் சேர்ப்பாள். தூண்டில், ஞானஸ்நான உடுப்பு, குழந்தை வண்டி, எதுதான் போகவில்லை? ஒருத்தி வாங்கிய பொய்முடியைத் தன் தலையில் வைத்து அழகு பார்த்துவிட்டுத்தான் அனுப்பினாள்.

கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வுபெற்ற அவள் புருஷன் கேப்ரியல் போய்ச் சேர்ந்தார். ஒன்பது நாள் ஜெபமாலையும் முடிந்து உறவுகள் கலைந்த பிறகு வீடு அவளைத் தின்ன வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி இக்னாசியோவுக்குப் போன் போட்டாள். அவன் இருப்பது ஊரில் அப்பா கட்டிய வீட்டில். அங்கே போன் எப்போதும் கைமாறிக்கொண்டே இருக்கும்.

"நான் ஊருக்கே வந்துடலாம்னு இருக்கேன்டா."

"ம்," என்றான் இக்னாசியோ. அதற்குள் அவன் மகள் மார்லீன் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஐயோ அத்தை! அப்ப என் ஷூ? நேத்துதானே உங்க விலாசத்துக்கு ஆர்டர் போட்டேன்!"

"உன் ஷூவை மாட்டிக்கிட்டே விமானம் ஏறுறேன்டி," என்று சிரித்தாள்.

அடுத்து சித்தி மகள் ஒருத்தி போனை எட்டிப் பிடித்தாள். "அவசரப்படாதக்கா. கிறிஸ்துமஸ் முடியட்டும். அப்பதானே எல்லாரும் நிறைய வாங்குவோம்?"

போனை வைத்த பிறகு ருஃபினாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஊருக்கு வேண்டியது நானா, என் கொட்டகையா? கறிவேப்பிலையாகத்தான் இத்தனை வருடம் இருந்தேனா? யாரிடம் கேட்பது? கேட்டால் எல்லோரும் 'நீதான்' என்பார்கள். அதை எப்படி நம்புவது? அவள் போன் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். பெட்டிகள் குறையவில்லை. எப்போது வருகிறாய் என்று யாரும் கேட்கவுமில்லை.

ஒரு மத்தியானம், இக்னாசியோ பேரில் நீளமான பெட்டி ஒன்று வந்தது. ஓரம் கிழிந்து, ஒரு எஃகுக் கம்பி எட்டிப் பார்த்தது. தூக்கப் போனவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அடக்கிவைத்திருந்த கோபமெல்லாம் பொத்துக்கொண்டு வர, உடனே போன் போட்டாள்.

"ஏன்டா, இரும்புக் கம்பியைக்கூட நான்தான் சுமக்கணுமா? உங்க ஊர்ல கம்பிக்குமா பஞ்சம்?"

"கத்தாதக்கா. குளியலறைச் சுவத்துல அடிக்கிற கைப்பிடி அது. இங்க கிடைக்கிறது கடல்காத்துக்கு மூணு மாசத்துல துருப்பிடிச்சுடுது."

"தென்னைமரம் ஏறுறவனுக்குக் கைப்பிடி எதுக்கு?"

"எனக்கா? போன தடவை வந்தப்ப நீ குளிச்சிட்டுக் கதவைப் பிடிச்சிக்கிட்டு ரொம்ப நேரம் நின்ன. பார்த்தேன். மார்லீன் ரூமைக் காலி பண்ணிட்டா. சுவருக்கு வெள்ளையடிச்சாச்சு. நீ வர்றதுக்குள்ள மாட்டணும், சீக்கிரம் அனுப்பு."

ருஃபினா கிழிந்த ஓரத்தில் தெரிந்த கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். "அன்னிக்கு வெறும் 'ம்'தானே சொன்ன?"

"வேற என்ன சொல்லணும்? உன் வீட்டுக்கு நீ வர்ற. அதுக்கு நான் உத்தரவு குடுக்கணுமா?"

அவள் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுக் கிழிந்த ஓரத்தை ஒட்டினாள். பெறுபவர் இடத்தில் 'இக்னாசியோ' என்று எழுதப் போன கை நின்றது. முதல் தடவையாக அந்த இடத்தில் தன் பெயரை எழுதினாள்.