மதியத்தோடு பட்டறையைப் பூட்டியவர்

ஜன்னல்காரர் மோமிர் இனிமேல் மதியம் வரைக்கும்தான் வேலை செய்யப் போகிறாராம் என்ற செய்தி சாச்சக் ஊருக்குள் பரவியபோது, எல்லோரும் முதலில் கேட்டது, "உடம்புக்கு என்னவாம்?" என்றுதான். நல்ல உடம்போடு இருக்கிற மனுஷன், அதுவும் மோமிர், வெயில் இருக்கும்போதே பட்டறையைப் பூட்டுவார் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? இதயம் என்றார்கள் சிலர். வரித்துறை என்றார்கள் சிலர். பெட்ரோல் பங்கில் ஒருவர், "அட, ரம்பத்துக்கு ரெஸ்ட் கொடுக்கிறாருப்பா, அவருக்கில்ல" என்று சொல்லிச் சிரித்தார்.

உடம்புக்கு ஒரு கேடும் இல்லை. அறுபதைத் தாண்டியும் ஆள் குத்துக்கல்லாட்டம்தான் இருந்தார். போரும் பொருளாதாரத் தடையுமாக நாடு நாறிக்கொண்டிருந்த தொண்ணூறுகளில் இரவல் கராஜில் ஆரம்பித்த வேலை. இப்போது இபார் சாலையில் பெரிய பட்டறை, பன்னிரண்டு ஆட்கள், மூன்று வேன். ஊரில் பாதி வீடுகளில் அவர் மாட்டிய ஜன்னல்தான். அளவெடுக்கப் போவார், மாட்டப் போவார். "ஒரு காபி குடிச்சிட்டுப் போங்க" என்றால், "அப்புறம்" என்பார். அந்த அப்புறம் கடைசிவரை வராது. இப்படியே முப்பது வருஷம் ஓடிவிட்டது.

ஜன்னல் வியாபாரம் குளிரைக் கண்டு பயப்படுகிறவர்களின் வியாபாரம். கோடையெல்லாம் சும்மா இருந்துவிட்டு, இலை உதிரத் தொடங்கியதும் ஊரே வந்து கழுத்தைப் பிடிக்கும். நம் கெட்ட நேரம், ஸ்லாவாக்களும் அதே மாதங்களில்தான் வரிசையாக வந்து தொலைக்கின்றன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு புனிதர், அவருக்கு ஒரு நாள். அன்று அந்த வீட்டுக் கதவு திறந்தே இருக்கும், சொந்தமும் நட்பும் போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வரவேண்டும். மோமிருக்கு ஏது நேரம்? மனைவி தெசாதான் தனியாகப் போய்வந்தாள். முட்டிவலி வந்து அவளும் தூரத்து வீடுகளை விட்டபிறகு, மோமிர் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். மேஸ்திரி ஓக்னியனிடம் வேனைக் கொடுத்து, வீட்டுக்கு ஒரு ஒயின் பாட்டில், ஒரு காபிப் பாக்கெட், ஒரு சாக்லேட் பெட்டி என்று அனுப்பிவிடுவார். கூடவே பட்டறையின் போன் நம்பர் போட்ட காலண்டர் ஒன்று. "ஒரு வீட்டைக்கூட நான் விட்டதில்ல" என்று அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார்.

இப்படிப்பட்டவரை மாற்றியது மகள் வீட்டுப் பயணம். யாஸ்னா வெளிநாட்டில், கிராட்ஸ் நகரில் இருக்கிறாள். வசந்த காலத்தில் தெசா அவரைக் கட்டி இழுக்காத குறையாக அங்கே அழைத்துப் போனாள். போன இடத்தில் மனுஷன் சோபாவில் தூங்கினார், பூங்காவில் தூங்கினார், பேத்தியின் பள்ளிக்கூட நாடகத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து தூங்கினார். கிளம்புகிற அன்று பேத்தி தன் அம்மாவிடம் கேட்டாள், "தூங்கற மாமா இன்னிக்குப் போறாரா?"

தாத்தா என்றுகூட அல்ல. தூங்குகிற மாமா! ஊர் திரும்பும்வரை பஸ்ஸில் மோமிர் ஒரு கண் மூடவில்லை. மறுநாள் பட்டறையில் ஆட்களைக் கூட்டினார். "இனிமே மதியம் வரைக்கும்தான் நான் இருப்பேன். அதுக்கு மேல நான் மனுஷனா வாழப்போறேன். கதவைப் பூட்டிடுவோம், உங்களுக்கும் லாபம்தான்" என்றார். ஓக்னியன் அவருக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைப் பார்த்தான்.

வாழப்போகிறேன் என்று சொல்வது சுலபம். எங்கே போய் வாழ்வது? முதல் வாரம் மொராவா ஆற்றங்கரை மதுக்கடைக்குப் போனார். சீட்டாடிக்கொண்டிருந்த நான்கு பேரும் எழுந்து, "வாங்க முதலாளி" என்றார்கள். கூடப் படித்தவன்கூட முதலாளி என்றான். சீட்டுக்கு நான்கு பேர் போதும், ஐந்தாவது ஆளுக்கு இடமில்லை. ஒருவர் மட்டும் நாற்காலியை நகர்த்திப் போட்டு, "நல்லவேளை வந்தீங்க, எங்க பால்கனிக் கதவுல காத்து வருது" என்றார். மோமிர் ஒரு கிளாஸ் ராக்கியா சாராயம் குடித்துவிட்டுப் போய்க் கதவைச் சரிபண்ணிக் கொடுத்தார்.

தூண்டில் வாங்கினார். ஆற்றங்கரையில் அவரவருக்கு ஓர் இடம் இருந்தது, அது அவருக்குத் தெரியாது. சரி, வீட்டிலேயே இருப்போம் என்றால், பிற்பகலில் தெசாவோடு காபி குடிக்க வரும் பெண்கள் அவரைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டு விலைவாசியைப் பற்றிப் பேசினார்கள். பிறகு அவர்களும் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

"நீ எங்கயாவது வெளிய போயேன்யா" என்றாள் தெசா.

"எங்க போறது?"

பாவம், இரண்டு பேருமே.

அந்தக் கோடை முழுக்க மோமிர் தன் ஸ்லாவாவைத்தான் நம்பிக்கொண்டிருந்தார். நவம்பரில் மித்ரோவ்தன், அவர் குடும்பத்துப் புனிதர் திமித்ரியின் நாள். மற்ற வருஷங்களில் காலையில் மெழுகுவர்த்தி ஏற்றி, ரொட்டி வெட்டி, கையோடு பட்டறைக்கு ஓடிவிடுவார். வருகிறவர்களைத் தெசாதான் பார்த்துக்கொள்வாள். இந்த முறை நாள் முழுக்க அவரே நிற்பார். எல்லோரும் வருவார்கள், பேசுவார்கள், பழைய கதையெல்லாம் கிளம்பும். அறுந்ததெல்லாம் அந்த ஒரே நாளில் ஒட்டிக்கொள்ளும் என்று அவர் மனதார நம்பினார். அது நடக்காவிட்டால் இந்த மதியங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்கு விளங்கவில்லை.

ஆனால் ஸ்லாவாவுக்கு யாரையும் அழைக்க முடியாது. வருகிறவன் தானாக வரவேண்டும்; வாய்விட்டுக் கூப்பிடுவது கையேந்துகிற மாதிரி. அதனால் மோமிர் மதுக்கடையில் எல்லோர் காதிலும் விழும்படி, "முழுப் பன்றி சொல்லியாச்சு. இந்த வருஷம் நான் வீட்லதான் இருக்கேன்" என்றார்.

"நல்லா நடக்கட்டும் முதலாளி" என்றார்கள்.

"சின்னப் பன்றி போதாதா?" என்று தெசா இரண்டு முறை கேட்டாள்.

"சின்னதா? நாற்பது பேர் வந்து போனா எப்படிக் காணும்? உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?"

அவள் வாயைத் திறந்தாள், அவர் முகத்திலிருந்த சந்தோஷத்தைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள்.

மித்ரோவ்தன் அன்று காலை பாதிரியார் வந்து ரொட்டியை ஆசீர்வதித்துவிட்டு, இன்னும் பல வீடுகள் இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார். மெழுகுவர்த்தி எரிந்தது. மேசை நிறையக் கோதுமை இனிப்பு, சீஸ், முட்டைக்கோஸ் இலையில் பொதிந்த கறி, பொன்னிறமாக வெந்த பன்றி. ஸ்லாவா அன்று வீட்டுக்காரன் உட்காரக் கூடாது. விருந்தாளி உட்கார, அவன் நின்று ஊற்றிக் கொடுக்கவேண்டும். மோமிர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஜன்னலருகில் நின்றார்.

எதிர்வீடு அவர் சித்தப்பா மகன் மிலோயே வீடு. ஒரே குடும்பம், ஒரே புனிதர், ஒரே நாள். மிலோயே பஸ் டிரைவர்; ஊரில் அவன் போய் உட்காராத வீடு கிடையாது, கல்யாணம் என்றாலும் சாவு என்றாலும் முதல் ஆள். முன்பெல்லாம் வருகிறவர்கள் அங்கே கொஞ்சம், இங்கே கொஞ்சம் என்று இரண்டு வீட்டிலும் சாப்பிடுவார்கள்.

மதியம் ஆனதும் வண்டிகள் வர ஆரம்பித்தன. மிலோயே வீட்டு முன்னால் இடம் நிறைந்தது. பிறகு ஒரு நீலக் கார் மோமிர் வீட்டு வாசலிலேயே வந்து நின்றது. வருகிறவர்களுக்கு முதலில் நீட்டவேண்டிய கோதுமை இனிப்புத் தட்டை எடுத்துக்கொண்டு மோமிர் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரும் அவர் மனைவியும் கையில் ஒயின் பாட்டிலோடு இறங்கினார்கள்.

"ஸ்லாவா நல்லா நடக்கட்டும் முதலாளி! வண்டியை இங்க விட்டுக்கட்டுமா? அங்க இடமே இல்ல."

"விடுங்க, விடுங்க. அதுக்கென்ன, தாராளமா."

அவர்கள் தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குள் போனார்கள். அடுத்து ஒரு வெள்ளைக் கார் வந்தது. அவர்களும் கையை அசைத்துவிட்டு எதிரே போனார்கள். அதற்கடுத்த கார் வந்தபோது மோமிர் தட்டை எடுக்கவில்லை, கதவருகே மட்டும் போனார். அப்புறம் கதவருகேயும் போகவில்லை. சூப்பைத் தெசா இரண்டு முறை சூடு பண்ணி இறக்கினாள்.

பொழுது சாயும் நேரத்தில் கொல்லைப்பக்கக் கதவு தட்டப்பட்டது. மோமிர் சட்டையை நீவிக்கொண்டு ஓடினார். திறந்தால் மிலோயே. வியர்த்து விறுவிறுத்து, தோளில் துண்டோடு நின்றான்.

"அண்ணே, ஸ்லாவா நல்லா நடக்கட்டும். தப்பா எடுத்துக்காதண்ணே. எங்கிருந்துதான் வர்றாங்களோ, இந்த வருஷம் கூட்டம் அள்ளுது. நாற்காலி பத்தல. உன்கிட்ட ரெண்டு மூணு…"

சொல்லிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தவன் நிறுத்திவிட்டான். கைபடாத மேசை, கவிழ்த்து வைத்த தட்டுகள், வெட்டப்படாத பன்றி. அவன் பார்வையைத் தரைக்கு இறக்கிக்கொண்டான்.

"எத்தனை வேணும்?" என்றார் மோமிர்.

"வேணாம்ணே. நான் பள்ளிக்கூடத்துல கேட்டுக்கறேன்."

"டேய், எத்தனைன்னு கேட்டேன்."

"ஆறு… எட்டு இருந்தா நல்லது."

மோமிர் ஒவ்வொன்றாகத் தூக்கி அந்தக் கதவுவரை கொண்டுவந்து கொடுத்தார். ஒன்றின் காலில் தூசி இருந்தது, அதைப் புதுச் சட்டைக் கையாலேயே துடைத்தார்.

"உனக்கு வேண்டியிருக்குமேண்ணே."

"நம்ம ஆளுங்க சாயங்காலத்துக்கு மேலதான் வருவாங்க."

"ஆமாமா, சாயங்காலத்துக்கு மேலதான்" என்றான் மிலோயே, அவர் முகத்தைப் பார்க்காமல். பிறகு தாங்க முடியாமல், "அங்க ரெண்டு பேரைக் கிளப்பி இங்க அனுப்பி வைக்கவா?" என்றான்.

"யாரையும் அனுப்பி வைக்காத."

கதவைச் சாத்திவிட்டு வந்தபோது தெசா மேசையோரம் உட்கார்ந்திருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"நாலு வருஷமா இப்படித்தான்" என்றாள்.

"என்ன இப்படித்தான்?"

"யாரும் வர்றதில்ல. என் தங்கச்சி வந்துட்டிருந்தா, அவளும் நிஷ்ஷுக்குக் குடிபோயிட்டா. வருஷா வருஷம் மறுநாள் காலைல பானை பானையா கறியை வேன்ல ஏத்திக் கொண்டுபோய் உன் ஆளுங்களுக்குக் கொடுத்தியே, ஏன் இவ்வளவு மிச்சம்னு ஒரு தடவை கேட்டிருப்பியா? முதலாளி மனசு பெரிசுன்னு அவனுங்க சொன்னதைத்தான் வந்து சொன்ன."

"எல்லார் வீட்டுக்கும் அனுப்பினேனே தெசா. ஒருத்தரை விட்டேனா?"

"பாட்டிலை அனுப்பின. அவங்க வீட்ல ஒயின் இல்லாமலா நீ வரணும்னு இருந்தாங்க? ஓக்னியனை வாசல்லயே நிக்கவெச்சு வாங்கிக்கிட்டாங்க. முதல் வருஷம் சிரிச்சாங்க. அப்புறம் அந்தக் காலண்டரைக் குப்பையில போட்டாங்க. என் கண்ணால பார்த்தேன்."

"நீ ஏன் சொல்லல?"

"எப்பச் சொல்றது? நீ எப்ப வீட்ல இருந்த?" என்று கத்தினாள். பிறகு குரலை இறக்கி, "இந்த வருஷம் சொல்லியிருக்கலாம். நீ சின்னப் பையனாட்டம் குதிச்சிட்டிருந்த. மனசு வரல" என்றாள்.

மிச்சம் இரண்டு நாற்காலிதான் இருந்தது. "உட்காருய்யா" என்றாள் தெசா. அவர் கொஞ்ச நேரம் நின்றார். வீட்டுக்காரன் உட்கார்ந்துவிட்டால் இனி யாரும் வரப்போவதில்லை என்று அர்த்தம். பிறகு உட்கார்ந்தார். அவள் பன்றியை வெட்டி இரண்டு தட்டில் வைத்தாள். ஆறிப்போய்க் கொழுப்பு உறைந்திருந்தது. இருவரும் சாப்பிட்டார்கள்.

பாதிச் சாப்பாட்டில் மோமிர் நிமிர்ந்தார். "இப்பத்தான் எனக்கு மதியமெல்லாம் சும்மா இருக்கே. வீடு வீடா நானே போறேன். வாசல்ல நின்னு, தப்புன்னு சொல்றேன். கழுத்தைப் பிடிச்சு வெளியவா தள்ளிடுவாங்க? அடுத்த வருஷம் பாரு, வருவாங்க."

தெசா அவர் தட்டில் இன்னொரு துண்டு வைத்தாள்.

"ஸ்தோயன்கிட்ட ஆரம்பிக்கிறேன். முதல் ஜன்னல் செஞ்சது அவன் கராஜ்லதான். ஒரு பைசா வாடகை வாங்கல, மனுஷன். மலைமேல கிராமத்துக்குப் போனவனை எத்தனை வருஷமாச்சு பார்த்து! ஞாயித்துக்கிழமை போறேன். வெறுங்கையோட போனாலும் அவன் உள்ள விடுவான்."

தெசா முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஸ்தோயன் செத்து ரெண்டு வருஷமாச்சு மோமிர். நான் பட்டறைக்குப் போன் பண்ணிச் சொன்னேன். மாலை வாங்கி ஓக்னியன்கிட்ட கொடுத்து அனுப்பின."

மோமிர் யோசித்துப் பார்த்தார். மாலை நினைவிருந்தது. வெள்ளைச் செவ்வந்தி, பெரிய மாலை, கண்ணாடிகளோடு சேர்த்து வைத்தால் நசுங்கிவிடும் என்று தனி வேனில் ஏற்றச் சொன்னது நினைவிருந்தது. அது யாருக்கு என்பதுதான் நினைவில்லை.